அப்பாவின் பெட்டி

உழவு இயந்திரத்தின் பின்னால் கொழுவுகிற இரண்டு சில்லு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் பெட்டி என்றுதான் பெயர். இடம்பெயர முன்னர் அப்பா அதை மலிவாக வாங்கியிருந்தார். மீளக் குடியேற வந்தபோது அது வயற்கரைப் பற்றைக்குள் கறள் பிடித்துக் கிடந்தது. அப்பா மட்டும் வரவில்லை. சண்டையின் கடைசி நாட்களில் தண்ணீர் எடுக்கப் போனவரைப் பிறகு யாரும் காணவில்லை.

அம்மா அந்தப் பெட்டியைத் தொடவிடவில்லை. அவர் வந்து பார்த்துச் செய்யட்டும் என்பார். அம்மாவின் தம்பியான மாமாவோ ஒன்றை நினைத்தால் விடுகிற ஆளில்லை. மாரி தொடங்கினால் எங்கள் பாதை முழுக்கச் சேறு. அந்தச் சின்னச் சில்லுகளோடு வயலுக்கு விதைநெல்லும் போகாது, அவசரத்துக்கு ஒரு நோயாளியும் போக முடியாது. அம்மா காணாமல் போனவர்களின் பதிவுக்காக மன்னாரில் அரச அலுவலகமான கச்சேரிக்குப் போன நாள் பார்த்து, மாமா பெட்டியை அடம்பனில் ஒரு வெல்டிங் கடைக்கு இழுத்துப் போனார். அப்போது எனக்கு எட்டு வயது. வாயைத் திறந்தால் தோலை உரிப்பேன் என்று மிரட்டி, கையோடு ஓர் ஐஸ்பழமும் வாங்கித் தந்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் போய்ப் பார்ப்பேன். பழைய லொறியின் வில்லுத்தகடு வைத்துப் பெட்டியை உயர்த்தினார்கள். ஜீப்பின் அகலமான ரயர்கள் பூட்டினார்கள். உக்கிய பலகைக்குப் பதிலாக அடியில் இரும்புத் தகடு வந்தது. மாமா பெண் பார்க்க வந்தவர் மாதிரி அதையே சுற்றிச் சுற்றி வந்தார். வேலை முடிந்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஓடிப்போய் அம்மாட்டைச் சொல்லு, அப்பான்ரை பெட்டி வருகுது எண்டு."

ஓடினேன். அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். மாமா சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். செத்தவர்கள் வருவதும் பெட்டியில்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா அழவில்லை. ஈரக்கையால் என் தோளைப் பிடித்தார்.

"எங்கையாம் கண்டெடுத்தவை?"

"பத்தைக்குள்ளைதானே கிடந்தது" என்றேன்.

பக்கத்து வீட்டு மாமி தலையில் அடித்துக் குழறத் தொடங்கினார். சற்று நேரத்தில் முற்றம் நிறைந்துவிட்டது. களவாகத் திருத்தியதற்கு இவ்வளவு அழுகையா, இன்றைக்கு மாமா தொலைந்தார் என்று பயந்தேன்.

மாமா வந்தார். புதுச் சில்லுகள் வாசல் பள்ளத்தில் இறங்கி, ஆட்டமில்லாமல் ஏறின. சிரித்துக்கொண்டு வந்தவர் சனத்தைக் கண்டதும் பேயறைந்தவர் போலானார். குழறல் நின்றது.

அம்மா எழுந்து போனார். உயர்ந்து நின்ற பெட்டியின் விளிம்பைப் பிடித்து, நுனிக்காலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கை ஒண்டும் இல்லையோடா?"

மாமா நிலத்தைப் பார்த்தபடி, "இல்லையக்கா" என்றார்.

அதற்குப் பிறகுதான் அம்மா அழுதார். நடந்த பிழை எல்லோருக்கும் விளங்கி, நல்லகாலம், நல்லகாலம் என்று அவரைத் தேற்றினார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்பா சாகவில்லை, வந்தது வெறும் பெட்டி. அதற்குச் சந்தோசப்படாமல் அம்மா ஏன் இப்படி அழுகிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.