மிதித்ததும் ஒடிந்த குழாய்

போன வருடம் பொங்கல் லீவுக்கு, வட்டவளைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் நுழையும்போதே சண்டைச் சத்தம். லயத்து ஆட்களே சேர்ந்து, மலை ஊற்றிலிருந்து, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பிளாஸ்டிக் குழாய் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அது ஐந்தாறு இடத்தில் உடைந்து, விடிந்தால் பொங்கல் என்ற நேரத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

பழி, அந்த மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய ஒரு அண்ணன் மேல் விழுந்தது. தேயிலையை வெட்டும் கத்தியால் குழாயையும் வெட்டிவிட்டார் என்றார்கள். "கத்தி படவே இல்லீங்க. மிதிச்சதுக்கே ஒடிஞ்சிருச்சு" என்றார் அவர். முந்திக்கொண்டு வாயைத் திறந்தது நான்தான். "நான் பைப் கம்பெனியிலதான் வேலை செய்றேன். மிதிச்சா எல்லாம் ஒடியாதுண்ணே, பொய் சொல்லாதீங்க."

அதற்கு மேல் அவர் பேச்சு எடுபடுமா? கோயில் பொங்கல் பானைக்கு வீட்டுக்கு வீடு அரிசி வாங்குவது எங்கள் வழக்கம். அவர் வீட்டு அரிசி வேண்டாம் என்று தோட்டத்துத் தலைவர் சொல்லிவிட்டார். அவர் மனைவி அரிசிப் பையோடு திரும்பிப் போனார்.

காலையில் ஒட்டுப் போட்டுப் பார்க்கலாமென்று மேலே ஏறினேன். குழாயை எடுத்து லேசாக வளைத்தேன். பிஸ்கட் மாதிரி ஒடிந்து, வெள்ளையாய் உதிர்ந்தது. துண்டைத் திருப்பிப் பார்த்தேன். மேலே எங்கள் கம்பெனியின் முத்திரை.

சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, தண்ணீரில் கரைத்து, அதற்குள் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்திப் படியவைத்து எடுக்கிற வெள்ளை மாவு ஒன்று இருக்கிறது. கல்சியம் காபனேற்று. பிளாஸ்டிக்கோடு அளவாகச் சேர்த்தால் குழாய் உறுதியாக இருக்கும். அளவு மீறினால் உடைந்து போகும். பிளாஸ்டிக்கைவிட மலிவு என்பதால், சில நாள் சூப்பர்வைசர் கூடுதல் மூட்டைகளைக் கொட்டச் சொல்வார். கொட்டுகிறவன் நான். ஏனென்று ஒருநாளும் கேட்டதில்லை.

பீலியடியில் எல்லோர் முன்னாலும் குழாயை ஒடித்துக் காட்டினேன். "தப்பு எங்க கம்பெனியிலதாங்க. இதைக் கலக்கினது நானாவும் இருக்கலாம்" என்றேன். அந்த அண்ணன் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். தலைவர் அவர் வீட்டுக்கு அரிசி கேட்டு ஆள் அனுப்பினார். "வீட்டுலயே பொங்கிட்டோம்னு சொல்லுங்க" என்று அண்ணனின் மனைவி கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பியதும் ஒடிந்த துண்டைச் சூப்பர்வைசரின் மேசையில் வைத்தேன். தோட்டத்துக்குப் போகிற சாமான்தானே, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்றார். நான் எந்த ஊர்க்காரன் என்று நன்றாகத் தெரிந்துதான் சொன்னார். அப்படியென்றால் தோட்டத்து ஆட்கள் குடிப்பது தண்ணீர் இல்லையா? இனி அளவுக்கு மேல் ஒரு பிடிகூடக் கொட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாளே என்னை லொறியில் சாமான் ஏற்றும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தச் சூப்பர்வைசரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் எல்லாம் தெரிந்தவன் என்ற திமிரில் உண்மை சொன்ன ஒருவரைப் பொய்யராக்கினேனே, அதற்காக என் மேல் எனக்கிருக்கும் கோபம் மட்டும் ஆறவே கூடாது என்று நினைக்கிறேன்.