பாதத்தை நேராக வைக்கச் சொன்னவள்

பிசியோ அம்மாவுக்கு நோயாளிகள் வைத்த பட்டப்பெயர் மிலிட்டரி. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது; உள்ளுக்குள் பெருமைதான். இருபது வருஷமாக எலும்பு ஆபரேஷன் ஆனவர்களை நடக்க வைக்கிறவள். யார் வலியில் நொண்டுகிறார், யார் சலுகைக்கு நொண்டுகிறார் என்று வாசலிலேயே சொல்லிவிடுவாளாம். அப்பேர்ப்பட்ட கண்!

ஏணியிலிருந்து விழுந்து, தொடை எலும்புக்குள் கம்பி வைத்துக்கொண்ட பெயிண்டர் அந்தக் கண்ணில் வசமாக மாட்டினார். அவருக்கு வலது பாதம் வெளிப்பக்கமாகவே திரும்பியது. "பாதத்தை நேரா வைங்க!" என்று இரண்டு மாதம் தொண்டை கிழியக் கத்தினாள். நேராக வைத்தால் முழங்காலில் உயிர் போகிறது என்றார் மனுஷன். "சும்மா நடிக்கிறாரு. வீட்டுல இரக்கமே காட்டாதீங்க" என்று அவர் மனைவியிடமும் ஓதிவைத்தாள்.

வலி குறைகிற வழியைக் காணோம். இந்தக் காலோடு மறுபடி ஏணி ஏற முடியுமா என்று பார்க்க, டாக்டர் நடைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பிசியோ அம்மாவும் கூடவே போனாள். அசைவை அளக்க இடுப்பிலும் காலிலும் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்த அறையில் அவரை நடக்க விட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, பாதத்தை நேராக வைத்தே நடந்தார்.

"பாத்தீங்களா? நினைச்சா முடியுது!" என்றாள் பிசியோ அம்மா.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நிமிர்ந்தாள். "உங்க மூஞ்சியையே பாத்துட்டு நடக்கறாரு மேடம். கொஞ்சம் வெளிய நில்லுங்களேன்."

பிசியோ அம்மாவுக்குச் சுருக்கென்றது. வெளியே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பாதம் திரும்பிக்கொண்டது, பெயிண்டர் முகம் சுளிக்காமல் அறை முழுக்க நடந்தார்.

சற்று நேரத்தில் அந்தப் பெண் வெளியே வந்து, இரண்டு நடைக்கும் கம்ப்யூட்டர் வரைந்திருந்த கோடுகளைக் காட்டினாள். "உடைஞ்ச எலும்பே முறுக்கிக்கிட்டு சேர்ந்திருக்கும் போல மேடம். ஸ்கேன் எடுத்தா உறுதியாயிடும். பாதத்தை நேரா வைக்கறப்பல்லாம் பாவம், முழங்கால் திருகிக்குது."

பிசியோ அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்துப் பெஞ்சில் பெயிண்டரின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னு குச்சியோட இவர் பின்னாடியே நடந்தேன்மா. பாதம் திரும்பினா ஒரு தட்டு தட்டுவேன். பிள்ளைங்க முன்னாடியே."

பிசியோ அம்மாவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

கதவைத் திறந்துகொண்டு பெயிண்டர் வந்தார். "ஐயா..." என்று பிசியோ அம்மா ஆரம்பிப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா. நீங்க வெளிய போனதும் கொஞ்சம் பாதத்தை அதுபாட்டுக்கு விட்டுட்டேன்."