மருதோன்றித் தடிக்கு ஒரு சாக்கு மண்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல வெளிக்கிட்டால் இன்னொன்று குறுக்கே வரும், சொல்ல வந்தது மறந்துபோகும். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிழமையாக மனதுக்குள் ஒரே எரிச்சல். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். அதுதான் இதை வாசிக்கிற உங்களிடம் வந்தேன்.

விஷயம் பெரிதில்லை. கை சிவக்க அரைத்துப் பூசுகிற மருதோன்றியில் மூன்று தடிகள் வெட்டி நட்டேன். இரண்டு அழுகிவிட்டன.

மருமகள் ஆசையாகத்தான் ஒரு பிளாஸ்ரிக் சாடியும், செங்கல்லைப் போல ஒரு தென்னந்தும்புக் கட்டியும் வாங்கி வந்தாள். கட்டியை வாளித் தண்ணீரில் போட்டதும் அது பாண் ஊறினமாதிரிப் பொருமி வாளியை நிரப்பிவிட்டது. "மாமி, இது மண்ணைவிடத் திறமாம். கையும் ஊத்தையாகாது, மாபிள் நிலமும் கறை பிடியாது" என்றாள். அதில்தான் தடிகளை ஊன்றினோம். வைத்த ஈரம் வைத்தபடியே நின்றது. ஒரு தடியை இழுத்துப் பார்த்தேன். அடி கறுத்து, தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. தும்பை அள்ளி மணந்தால் நனைந்த சாக்கு மணம்.

அந்தச் சாக்கு மணம்தான் என்னை எங்கேயோ இழுத்துக்கொண்டு போனது.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் எங்கள் ஒழுங்கையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். எங்கள் முற்றம் ஒரு பாய் விரிக்கிற அளவு, அதுவும் சீமெந்து. செடி என்றால் தகரத்திலும் ஓட்டை வாளியிலும்தான். பிடி உடைந்த கேத்தலில் உம்மா புதினா வைத்திருந்தார். ஒரு விருந்தாளி அதைத் தூக்கித் தேத்தண்ணி ஊற்றப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, நான் காணவில்லை.

மண் நீர்வேலியிலிருந்து வரும். வாப்பாவுக்கு இறைச்சிக்கடை. ஆடுகளை வீட்டுக்குப் பின்னால் கட்டியிருப்பார். நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருந்த செல்லையா அண்ணை சந்தைக்குக் குலை கொண்டுவருகிற நாளில் வண்டிலில் ஒரு சாக்குச் செம்மண்ணும் போட்டு வருவார். மண்ணை எங்கள் வாசலில் கொட்டிவிட்டு, அதே சாக்கில் ஆட்டுப் புழுக்கையை நிரப்பித் தன் தோட்டத்துக்குக் கொண்டுபோவார். அது ஒரு வழக்கம். வாப்பாவை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார்.

செல்லையா அண்ணை வீட்டில் மச்சம் தொடாத வெள்ளிக்கிழமை என்றால் வாப்பா அவரைச் சும்மா விடமாட்டார்.

"செல்லையா, சாக்குக்குள்ளை கொஞ்சம் ஈரலும் வைக்கட்டோ?"

"நானா, எருவை மட்டும் போடுங்கோ. ஈரலை என்ரை மனிசி கண்டால் என்னையும் எருக்குழிக்குள்ளை தாட்டுப்போடுவாள்."

செம்மண்ணில் நொருக்கின புழுக்கையையும் அடுப்புக்கரித் துண்டுகளையும் கலப்பது என் வேலை. தகரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உடைந்த ஓட்டுத்துண்டு பரப்பி, அதற்குமேல் மண். என் நகக்கண் எப்போதும் சிவப்பாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கையைப் பிடித்துப் பார்த்து, "நேற்றும் பெருநாளோ உங்களுக்கு?" என்று கேட்டார். நான் வெட்கத்தில் கையை இழுத்துச் சட்டையில் துடைத்தேன்.

மருதோன்றி ஒரு பெரிய எண்ணெய்த் தகரத்தில் நின்றது. பெருநாளுக்கு முதல்நாள் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வந்து இலை ஆய்வார்கள். "உங்கடை மரம் மாதிரி ஒண்டும் சிவக்காது ராத்தா" என்றால், உம்மா, "மரமில்லையடி, நீர்வேலி மண்ணெல்லோ சிவக்குது" என்பார்.

தொண்ணூறில் புலி இயக்கம் முஸ்லிம்களான எங்களை எல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னபோது உடுத்த துணியோடு போனோம். தகரத்தை யார் தூக்குவது. புத்தளத்தில் அகதிக் கொட்டிலுக்கு முன்னால் வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் நின்று பார்க்காமல் கீழே போய்விடும். உம்மா அங்கேயே மௌத்தானார், அடக்கியதும் அந்த மணலில்தான்.

பல வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. மருதோன்றி நின்றது. தகரம் உக்கிக் கொட்டி, அடியில் ஒரு துரு வளையம்தான் மிச்சம். வேர் சீமெந்தை வெடிக்கப்பண்ணிக்கொண்டு நிலத்துக்குள் இறங்கியிருந்தது. யாரும் தண்ணீர் ஊற்றாத மரம்.

அந்த மரத்தைத்தான் போன மாதம் அறை கட்ட அத்திவாரம் வெட்டும்போது தறித்துவிட்டார்கள். நான் கிளினிக்குக்குப் போயிருந்த நேரம். பேரப்பிள்ளைகளுக்கு அறை தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு சொல் கேட்டிருக்கலாம். "உம்மா, மருதோன்றி இப்ப கடையிலை கோனுக்குள்ளை அடைச்சு விக்குது, உதுக்கேன் அழுறியள்?" என்றான் மகன். குப்பையில் கிடந்த கொப்பில்தான் அந்த மூன்று தடியும் வெட்டினேன்.

மிஞ்சின ஒன்றுக்காவது செம்மண் கொண்டுவரச் சொன்னேன். "மண் ஏத்தப் பெர்மிற் வேணும் உம்மா" என்கிறான். நான் கேட்டது ஒரு சொப்பின் பை மண்.

தனியாகக் கடைக்குப் போகவே கூச்சப்படுகிறவள், சந்தைக்குப் போனேன். மரக்கறி விற்கிற பொடியனிடம், "தம்பி, கிழங்குச் சாக்கை உதறினால் கொஞ்சம் மண் வருமோ?" என்று கேட்டேன்.

"இப்ப எல்லாம் கழுவித்தான் வருது அம்மா. மண்ணோடை இருந்தால் சனம் வாங்காது."

பக்கத்தில் கீரை விற்றவள் விடவில்லை. "அம்மாவுக்கு மரக்கறி வேண்டாமாம், ஊத்தைதான் வேணுமாம். நிறுத்துக் குடு தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மூலையில் கழுவாத இராசவள்ளிக்கிழங்கு ஒன்று கிடந்தது. பொடியன் அதை உரஞ்சித் துடைக்கப் போக, "துடையாதை, அப்பிடியே தா" என்று பறிக்காத குறையாக வாங்கி வந்தேன். வீட்டில் கத்தியால் சுரண்டினால் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு செம்மண். பால்மா வந்த தகரப் பேணியில் ஓட்டை போட்டு, கொஞ்சம் அடுப்புக்கரி தேடினேன். காஸ் அடுப்பில் ஏது கரி. ஆட்டுப் புழுக்கைக்கும் போக இடமில்லை. வெறும் மண்ணில் தடியை ஊன்றி, பேணியை மாபிளில் வைக்காமல் மதிலில் வைத்திருக்கிறேன். நகத்தால் சுரண்டினால் உள்ளே இன்னும் பச்சை. துளிர் இல்லை.

செல்லையா அண்ணையும் இல்லை, வாப்பாவின் ஆடுகளும் இல்லை. ஒரு பக்கம் மண் வந்து மறுபக்கம் எரு போன அந்தச் சாக்கும் இல்லை.

நான் எழுதினதில் பிழை இருக்கும். மரம் நின்றது நல்லெண்ணெய்த் தகரத்திலோ மண்ணெண்ணெய்த் தகரத்திலோ என்பதே இப்போது சந்தேகம். எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள் யாராவது வாசித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். அதோடு இதையும் சொல்லுங்கள்: அன்றைக்கு வெளிக்கிடும்போது உங்களில் யாரும் எங்கள் மருதோன்றியில் ஒரு தடி முறித்துக்கொண்டு போனீர்களா?