பச்சைக் கரைசலில் ஓர் ஆணி

எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளருக்கு அமிலம் பட்டு விரல்நுனிகள் கறுத்திருக்கும். எந்தக் கரைசலையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் மேசையில் வைக்கமாட்டார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. விடிந்தால் செய்முறைத் தேர்வு. பஸ் இல்லை, அவர் வரமாட்டார் என்று ஆசிரியரான நானே இரும்பு சல்பேட்டை வெறும் தண்ணீரில் கரைத்து வைத்தேன். காலையில் அது பழுப்பேறிக் கலங்கிக் கிடந்தது.

அவரோ தன் ஊரான தியாகதுருகத்திலிருந்து நடந்தே வந்துவிட்டார். அதைக் கொட்டிவிட்டு, தண்ணீரில் முதலில் கந்தக அமிலம் விட்டு, பிறகு அந்த இரும்பு உப்பைக் கரைத்து, உள்ளே ஓர் இரும்பாணியைப் போட்டார். கரைசல் வெளிர்பச்சையாகத் தெளிந்து நின்றது.

"ஆசிட் எவ்வளவு விட்டீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

சொன்னார். பிறகு, "என் பையனை போலீஸ் வேன்ல ஏத்திக்கினு போய்ட்டாங்க சார். எங்கன்னு தெரியல," என்றார்.

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"பசங்களுக்குப் பரீட்சையாச்சே சார். கலங்குனா இன்னா உப்புன்னு தப்பா எழுதிடுவாங்க."

அன்று மாணவர் யாரும் வரவில்லை. சாயங்காலம் நடந்தே திரும்பியவர், பிறகு வேலைக்கு வரவேயில்லை. பத்து நாள் கழித்துத் தேர்வு நடந்தபோதும் கரைசல் அப்படியே தெளிவாக இருந்தது.

அமிலத்தின் அளவு இன்னும் என் நோட்டில் இருக்கிறது. மகனின் பெயரை நான் கேட்கவேயில்லை.