எல்லாவற்றிலும் பாதி

எங்கள் வீட்டில் எதுவும் முழுதாகப் புழங்கியதில்லை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு கடையிலிருந்து வந்த அன்றே கத்தரிக்கோலால் இரண்டாகிவிடும். பற்பசை தீர்ந்துவிட்டது என்று நாங்கள் சொன்னால், அம்மா டியூபின் வயிற்றைக் கிழித்து இன்னும் ஒரு வாரம் ஓட்டிக் காட்டுவார். துணி துவைக்கும் இயந்திரம் கக்கும் தண்ணீர், முதலில் வீட்டுத் தரையையும் பிறகு படிக்கட்டையும் கழுவிய பின்னர்தான் சாக்கடைக்குப் போக அனுமதி பெறும். அம்மா மேரு என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே கழித்துப் போடும் கையுறைகளில் சிலதைக் கேட்டு வாங்கி வந்து, விரல்களை வளையம் வளையமாக நறுக்கி ரப்பர் பேண்டாக்குவார். என் பின்னலின் நுனியில் ஆறு வருடம் அந்த விரல்கள்தான் இருந்தன.

கிள்ளானில், மேரு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பழைய பிளாட்டில் மூன்றாவது மாடி எங்களுடையது. அப்பா போர்ட் கிள்ளானிலிருந்து கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு ஜொகூர், பினாங்கு என்று போய்விடுவார். வீட்டில் பெரும்பாலும் அம்மாவும் நானும்தான். பிறகு பூனை வந்தது.

அப்பாவின் லோரிக்கு அடியில் கிடந்த குட்டி அது. அப்பா அதைச் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தார். வளர்ந்ததும் தொப்பையைத் தள்ளிக்கொண்டு நடந்தது. வேலை எதுவும் செய்யாமல் மரியாதையை மட்டும் எதிர்பார்த்தது. ஆகவே அப்பா அதற்கு, எங்கள் நாட்டில் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் டத்தோ என்ற பட்டத்தைக் கொடுத்தார்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"வளத்துக்கோ. ஆனா அதுக்குன்னு தனியா ஒரு காசு செலவு பண்ண மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சொன்னபடியே இருந்தார். பாசாரில் கடைகள் மூடும் நேரத்தில் போய் மீன்காரரிடம் தலைகளை வாங்கி வந்து, மஞ்சள் போட்டு வேகவைத்து, பழைய சோற்றில் பிசைந்து வைப்பார். மலம் கழிக்க மேருவில் இருந்த நாற்காலித் தொழிற்சாலையின் மரத்தூள். அப்பா ஒரு மூட்டை கொண்டுவந்தால் இரண்டு மாதத்துக்குக் காணும். உண்ணி எடுக்க என் பழைய பேன் சீப்பு. டத்தோவுக்குக் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அம்மா வேலை முடிந்து வரும் நேரத்தில் கதவடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை நினைத்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

மருந்துக்கும் இதே சட்டம்தான். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் காய்ச்சல் மாத்திரை கிடைக்கும். ஒரு மாத்திரையைக் காய்கறிப் பலகையில் வைத்துக் கத்தியால் இரண்டாக வெட்டுவார். ஒரு பாதி, கரண்டியில் சர்க்கரையோடு நசுங்கி என் வாய்க்குள் போகும். மறு பாதியை வெள்ளித்தாளில் மடித்து பிஸ்கட் டின்னுக்குள் வைப்பார். அடுத்த காய்ச்சல் அங்கே காத்திருப்பதாக நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறை. டத்தோ கீழ்வீட்டுக் கடுவன் பூனையோடு சண்டை போட்டு, முன்னங்காலில் கடி வாங்கிக்கொண்டு வந்தது. மறுநாள் கால் வீங்கிவிட்டது. காது இரண்டும் சுட்டன. மீன் தலையை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பூனை டாக்டரிடம் போகலாம் என்று அழுதேன். காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மனுஷனுக்கு ஒரு வெள்ளி, பூனைக்கு எம்பது வெள்ளியா? ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம் பாப்பா. அதுவே நக்கி சரி பண்ணிக்கும்."

மறுநாள் காலையில் அம்மா பேக்டரி பஸ் ஏறிப் போனார். என்னை அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு ஆன்டி இருந்தார். நானும் டத்தோவும் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காய்ச்சல் என்றால் காய்ச்சல் மாத்திரை. டாக்டருக்குக் காசு வேண்டும். மாத்திரை வீட்டிலேயே இருந்தது, அதுவும் மிச்சம் பிடித்த பாதி. அம்மாவே மெச்சிக்கொள்ளும்படியான யோசனை என்றுதான் நினைத்தேன்.

நாற்காலி போட்டு பிஸ்கட் டின்னை இறக்கினேன். மூன்று பாதிகள் இருந்தன. பாதி என் அளவு. டத்தோ என்னைவிடச் சிறியது. ஆகவே பாதியில் பாதி. அம்மா செய்வதைப் போலவே கரண்டியால் நசுக்கினேன். சர்க்கரையை அது தொடவில்லை. அலமாரியில் அவசரத்துக்கு என்று வைத்திருந்த சாடின் மீன் டின் ஒன்றைத் திறந்து, அந்தக் குழம்பில் கலந்து வைத்தேன். அப்படியும் தட்டைச் சீண்டவில்லை. விரலில் தொட்டு உதட்டில் தடவத் தடவ, வேறு வழியில்லாமல் நக்கியது. மாலையில் அம்மா வருவதற்குள் இன்னொரு தடவை. மறுநாள் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. நாலு வேளை, இரண்டு பாதிகள். சாடின் டின்னை மரத்தூள் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். சாடினைத் திறந்ததற்கு அடி விழும் என்பது மட்டும்தான் என் பயம்.

அந்த இரண்டாம் நாள் மதியம் டத்தோவின் முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. கன்னம் வைத்திருக்கிறது, தேறிவிட்டது என்று நினைத்தேன். அதனிடம் சொல்லவும் செய்தேன்.

நாலு மணிக்கு அம்மா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே டத்தோ கதவடிக்கு வராததைக் கவனித்துவிட்டார். அது என் தலையணையில் வாயைத் திறந்து வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அம்மா அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு பழுப்பாக இருந்தது. அதற்குப் பிறகு அம்மா செய்த எதுவும் எனக்குத் தெரிந்த அம்மா செய்வதாக இல்லை. துணிக்கூடையைக் கவிழ்த்துக் காலி செய்தார். நல்ல துண்டு ஒன்றை விரித்து டத்தோவைப் படுக்க வைத்தார். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாலைக்கு ஓடி டாக்சியை நிறுத்தினார். அம்மா டாக்சியில் ஏறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆன்டியோடு இரு என்று என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

திரும்பி வந்தபோது மணி ஏழு இருக்கும். கூடை காலியாக இருந்தது. துண்டு நாலாக மடித்து அதற்குள் கிடந்தது.

"போயிட்டான் பாப்பா."

நான் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு, மிக மெதுவாகக் கேட்டார்.

"டத்தோ கடைசியா என்ன சாப்பிட்டுச்சு?"

"மீன் தலைதான்" என்றேன், சாடினை நினைத்து.

அம்மா எழுந்துபோய் பிஸ்கட் டின்னை இறக்கினார். வெள்ளித்தாள் பொட்டலத்தைத் திறந்து பார்த்தார். ஒரே ஒரு பாதி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பூனை செத்த அன்றைக்கும் மாத்திரை எண்ணுகிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"டாக்டர் காசு கேட்டாங்களா?" என்றேன். "காசு இல்லன்னு சொல்லிட்டீங்க. அதான் செத்துப் போச்சு. அப்படித்தானே?"

அம்மா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கையில் இருந்ததை வெள்ளித்தாளுக்குள் வைத்து மடித்தார்.

"ஆமா" என்றார். "ரொம்ப கேட்டாங்க. நம்மால முடியாது."

"நீங்கதான் கொன்னீங்க."

அம்மா டின்னை மூடி, அலமாரியின் உச்சியில், நாற்காலி போட்டாலும் எனக்கு எட்டாத இடத்தில் வைத்தார். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்தார். இரண்டு நாள் கழித்து மரத்தூள் மூட்டையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டபோது, ஒளித்துவைத்த சாடின் டின் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அதற்காக என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. துக்கத்தில் மறந்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் முழுவதும் அம்மா பேக்டரி பஸ்ஸில் போகவில்லை. விடியற்காலையிலேயே கிளம்பி, லோரிகள் புழுதி கிளப்பும் அந்த ரோட்டில் நடந்தே போய் நடந்தே வந்தார். மாலையில் உப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பஸ் காசையும் மிச்சம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு அடுத்த முறை காய்ச்சல் வந்தபோது, கடையில் வாங்கிய ஆரஞ்சு வாசனை மருந்து பாட்டிலிலிருந்து மூடியில் அளந்து கொடுத்தார். அது என்ன விலை என்று நான் யோசிக்கவேயில்லை. கத்தியும் காய்கறிப் பலகையும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காய்கறியை மட்டும்தான் வெட்டின.

அந்தத் தீபாவளிக்கு பிரிக்பீல்ட்ஸில் சித்தி வீட்டுக்குப் போனோம். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். பூனை எங்கே என்று யாரோ கேட்டார்கள். அம்மா முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"காசு செலவாகும்னு அம்மா சாக வுட்டுட்டாங்க."

சித்தி சிரித்துவிட்டார்.

"எங்கக்காவைத் தெரியாதா? எச்சக் கையால காக்கா ஓட்டமாட்டா லா."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் கொஞ்சம் சிரித்து, தட்டை அடுத்தவர் பக்கம் நீட்டினார். அதற்குப் பிறகு அது எங்கள் குடும்பத்தில் நிலையான கதையாகிவிட்டது. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும், அம்மாவின் கஞ்சத்தனம் பற்றிய பேச்சு வந்தால் டத்தோ வராமல் முடியாது. பெரும்பாலும் எடுத்துக்கொடுத்தது நான்தான். வளர வளர அதை நன்றாகச் சொல்லப் பழகியிருந்தேன். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள் என்றுகூட எனக்குத் தெரியும்.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு அறை எடுத்து வேலைக்குப் போய்வருகிறேன். ஸ்பாஞ்சை இரண்டாக வெட்டுகிறேன். போன மாதம், கார் நிறுத்தும் இடத்தில் பிடித்து வந்த என் பூனைக்குக் காய்ச்சல். டாக்டரிடம் போவதற்கு முன்னால், செலவில்லாத கைவைத்தியம் ஏதாவது இருக்குமா என்று கேட்க அம்மாவுக்குத்தான் போன் செய்தேன். கேட்டு முடிக்கவில்லை, அம்மாவின் குரல் மாறியது.

"மாத்திரை எதுவும் குடுத்துட்டியா?"

"இல்லம்மா."

"மனுஷ மாத்திரை குடுத்துடாத. பாதி கூட குடுத்துடாத. காசு போனா போவுது, இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ. காசு நான் தரேன்."

"ஏம்மா, குடுத்தா என்ன?"

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"சும்மாதான். யாரோ சொன்னாங்க."

கிளினிக்கில் காத்திருந்தபோது சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. மனிதர்களின் காய்ச்சல் மாத்திரை பூனைக்கு விஷம், சிறு துண்டுகூட. கீழே அறிகுறிகள். ஈறு பழுப்பாகும். மூச்சு வாங்கும். முகம் வீங்கும். அதைப் படித்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். 'தேறிட்ட டத்தோ' என்று அதன் கன்னத்தைத் தடவிக் கொடுத்த என் கை மடியில் கிடந்தது. அதைப் பார்க்கவே முடியவில்லை. முன்மேசையில் இருந்த பெண், "அக்கா, உங்க நம்பர்தான்" என்று இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

என் பூனை பிழைத்துக்கொண்டது. சனிக்கிழமை ரயில் ஏறி கிள்ளானுக்குப் போனேன். அம்மா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். தலைகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார், என் பூனைக்காம். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை.

"அம்மா, டத்தோவுக்கு அன்னிக்கு என்னதான் ஆச்சு?"

குழாயை மூடினார். ஒரு சொட்டு வீணாகவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். அன்று மாத்திரைப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்த அதே பார்வை.

"அதான் தெரியுமே பாப்பா. காசு பத்தல."

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். ஆனால் பதினேழு வருடமாக அவர் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்ததை ஒரு நிமிடத்தில் கொட்டிக் கவிழ்ப்பதாக ஆகிவிடும். எதுவும் வீணாவது அம்மாவுக்குப் பிடிக்காது. "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மீன் தலைகளைப் பையில் கட்டிக்கொண்டேன்.

ஸ்பாஞ்சிலிருந்து மாத்திரை வரை எல்லாவற்றையும் வெட்டி எனக்குப் பாதி கொடுத்த அம்மா, அந்தப் பழியை மட்டும் முழுசாகத் தானே வைத்துக்கொண்டார் என்பது அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.