கடதாசி உடம்பு

காலை ஒன்பதரை மணிக்கு இருபது வளர்ந்த மனிதர்கள் வரிசையாக நின்று மூக்கைத் தொட்டுக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஸ்காபரோவில், ஒரு நூலகத்தின் நிலக்கீழ் அறையில், நான் அப்படி நின்றிருக்கிறேன். கனடாவுக்கு வந்து ஏழாவது மாதம். ஆங்கிலம் படிப்பிக்கும் டொரத்தி ரீச்சர் "பிளீஸ், டச் யுவர் நோஸ்" என்பார், தொடுவோம். பிளீஸ் சொல்லாமல் "டச் யுவர் நீ" என்றால் முழங்காலைத் தொடக்கூடாது. தொட்டவர் தோற்றுப்போய்க் கதிரையில் இருக்க வேண்டும்.

முதலில் கதிரைக்குப் போவது எப்போதும் தமிழ்ச் சனம்தான். அதிலும் நான்தான் முதல் ஆள். யாழ்ப்பாணத்தில் ரீச்சர் கையை நீட்டச் சொன்னால், அடி விழப்போகிறது என்று தெரிந்தும் நீட்டிய கை இது. சொன்னதைச் செய்யாமல் நிற்பதற்கும் ஒரு விளையாட்டா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பக்கத்தில் நிற்கும் சோமாலியாக்காரி பாத்துமா ஒருநாளும் தோற்கமாட்டாள். என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பாள்.

அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வருவதே குறைவு. இதை எழுதும்போதுகூடப் பேனை தயங்குகிறது. என் வலது மார்பில் ஒரு கட்டி இருந்தது. குளிக்கும்போது கையில் பட்டது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. எனக்கு ஏதும் ஆகிவிட்டால் இந்தக் குளிரில் அவளுக்கு யார் தலை வாரி இழுத்துவிடுவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கணவருக்குச் சொன்னால், மனுசன் பிக்கரிங்கில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்து முழிசிக்கொண்டிருப்பார். கிட்டடியில் தமிழ் டொக்டரும் இல்லை. ஆங்கிலமும் காரும் இருந்தது அவருடைய தம்பி ரவியிடம்தான். தங்கமான பிள்ளை. ஆனால் கொழுந்தனை வைத்துக்கொண்டு டொக்டரிடம் அந்த இடத்தை எப்படிச் சொல்லுவது? "தோள் நோகுது" என்றேன். அவன் அழகாக மொழிபெயர்த்தான். டொக்டர் தோளை அமத்திப் பார்த்துக் களிம்பு தந்தார். அடுத்த மாதமும் போனோம். அதே தோள், அதே களிம்பு. தோள் பளபளத்ததுதான் மிச்சம்.

ஒருநாள் ரீச்சர் பெரிய கடதாசிச் சுருளை நிலத்தில் விரித்தார். ஒருவர் படுக்க, மற்றவர் உடம்பைச் சுற்றிக் கோடு கீறவேண்டும். பிறகு உறுப்புகளின் பெயர் எழுதிய மஞ்சள் துண்டுகளை ஒட்டவேண்டும். ஆண்கள் ஒரு மூலை, நாங்கள் ஒரு மூலை. நான் இரண்டு சோடி காலுறையோடு படுத்தேன். பாத்துமா கீறக் கீற எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. எழும்பிப் பார்த்தால் கடதாசியில் நான் கையை விரித்தபடி கிடக்கிறேன். நெற்றி, தோள், முழங்கை, வயிறு என்று துண்டுகள் நிறைந்தன. அந்த இடம் மட்டும் வெறுமை. எங்கள் ஊர்ச் சுகாதாரப் புத்தகத்துப் படமும் இப்படித்தான் இருந்தது. இங்கேயும் அப்படியா என்று எனக்கு அழுகை முட்டியது.

எல்லோரும் போனபின் நான் நின்றேன். கடதாசியில் அந்த இடத்தைக் காட்டி, "ரீச்சர், வாட் நேம்?" என்றேன்.

"ஹார்ட்?" என்றார் ரீச்சர். என் கையைப் பிடித்து, "யூ மிஸ் ஹோம்?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

ஊர் நினைப்பு என்று நினைத்துவிட்டார், பாவம். நான் தலையாட்டி மறுத்து, என்னிலேயே தொட்டுக் காட்டினேன். "ஸ்ரோன்," என்றேன். கல்லுக்கு அந்தச் சொல்தான் தெரியும். ரீச்சரின் முகம் மாறியது. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மஞ்சள் துண்டில் 'பிரெஸ்ட்' என்றும் அதன் கீழே கட்டிக்கு 'லம்ப்' என்றும் பெரிதாக எழுதி, கடதாசியில் அந்த இடத்திலேயே ஒட்டி, பத்துத்தரம் சொல்லவைத்தார். பத்தாவது தரம் என் குரல் நடுங்கவில்லை.

மூன்றாம் முறை டொக்டரிடம் போனோம். என் பெயரைக் கூப்பிட்டபோது ரவியும் எழும்பினான்.

"ரவி, நீர் இதிலை இரும். நான் தனியப் போறன்."

"என்ன அண்ணி, டொக்டரோடை எப்பிடிக் கதைப்பியள்?"

"ரீச்சர் படிப்பிச்சவ."

அவன் முகம் வாடிவிட்டது. உள்ளே டொக்டர் எனக்குப் பின்னால் ரவியைத் தேடினார். பழையபடி தோளை அமத்தி, எழுதி, "ஓகே, யூ கேன் கோ" என்றார். என் கால் தன்பாட்டில் எழும்பிவிட்டது. அப்போதுதான் மூளையில் பட்டது: மனுசன் பிளீஸ் சொல்லவில்லையே! திரும்பக் கதிரையில் இருந்தேன். டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நொட் ஷோல்டர்," என்றேன். பிறகு அந்த இரண்டு சொல்லையும் சொன்னேன். அவர் பேனையை வைத்தார், தாதியைக் கூப்பிட்டார். "பிளீஸ்," என்றார், "ஷோ மீ."

பரிசோதனை, படம், மூன்று கிழமைக் காத்திருப்பு. கடைசியில் அது வெறும் நீர்க்கட்டி என்றார்கள், ஊசியால் எடுத்துவிட்டார்கள். மலசலகூடத்துக்குள் போய் நின்று வாய்விட்டு அழுதேன். திரும்பும்போது காரில் ரவி ஹீற்றரைக் கூட்டிவிட்டான்.

"தோள் என்னவாம், அண்ணி?"

"தோளுக்கு ஒண்டுமில்லை."

அடுத்த சந்தியில் காரைத் திருப்பினான். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, "அண்ணைக்குச் சொல்லீட்டியளோ?" என்றான். ஆஸ்பத்திரிப் படிவம் என் மடியில்தான் கிடந்தது. ஆங்கிலம் தெரிந்தவனுக்கு அதை வாசிக்க எவ்வளவு நேரம் போகும்?

"இண்டைக்குச் சொல்லுவன்," என்றேன்.

அந்தக் கடதாசியை ரீச்சர் எனக்கே தந்துவிட்டார். வீடு மாறியபோதும் கூடவே வந்தது. இப்போது மகளுக்கு ஏழு வயது. வாயைத் திறந்தால் ஆங்கிலம். அவளுக்குத் தமிழ் படிப்பிக்க அதைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு மஞ்சள் துண்டுக்குப் பக்கத்திலும் தமிழ்ப் பெயரை எழுதினேன். நெற்றி, தோள், முழங்கை. போனகிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், 'பிரெஸ்ட்' என்ற ரீச்சரின் எழுத்தில் விரலை வைத்தாள்.

"அம்மா, உதுக்கு மட்டும் தமிழ் இல்லையா?"

"இருக்கு, பிள்ளை."

"தென் வை டிடின்ட் யூ ரைட் இட்?"

பென்சிலை எடுத்தேன். ரவி வீட்டில் இல்லையென்று தெரிந்தும் ஒருதரம் கதவைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு எழுதினேன். ரீச்சரின் பெரிய எழுத்துக்குப் பக்கத்தில், குனிந்து பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சின்னதாக. மகள் குனிந்து, எழுத்துக்கூட்டி, சத்தமாக வாசித்தாள்.