டாக்டரின் இரண்டு சுங்கான்கள்

மத்திகிரி மாட்டுப் பண்ணையில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது அங்கே ஒரு கால்நடை டாக்டர் இருந்தார். ஒடிசலான உடம்பு, தொளதொள காக்கி அரைக்கால் சட்டை, வாயில் சுங்கான் என்கிற மரப் புகைக்குழாய். அவரிடம் அப்படி இரண்டு இருந்தன. கறுப்புச் சுங்கானில் காரப் புகையிலை, சிவப்பில் பெங்களூரிலிருந்து வரவழைத்த வாசனைப் புகையிலை. ஒருநாளும் மாற்றிப் போட மாட்டார். காலையிலேயே இரண்டையும் நிரப்பி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் கொட்டிலுக்குப் போவார்.

“எதுல போட்டாலும் பொகதானே சார்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வேத்தாளு கை வெச்சா நம்ம பசு பால் விடுதாய்யா? அடக்கிக்குதில்ல? இந்த மரமும் அப்படித்தான். பழகுன கைக்கு, பழகுன சரக்குக்குத்தான் ருசி குடுக்கும்.”

சோதித்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் அவர் கொட்டிலுக்குப் போனதும் இரண்டிலும் இருந்த புகையிலையை இடம் மாற்றி அடைத்து வைத்தேன். திரும்பி வந்தவர் சிவப்பைப் பற்றவைத்து, கண்ணை மூடி இழுத்தார்.

“ஆகா, என்ன வாசன! பாத்தியாய்யா, நான் சொன்னது?”

நான் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தேன். பால்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த வருஷம் அவருக்கு மாற்றல் வந்தது. கிளம்பும்போது சிவப்புச் சுங்கானை என் கையில் வைத்தார்.

“எனக்கெதுக்கு சார்?”

“வெச்சுக்கய்யா. அதுக்கு உன் கை ஏற்கனவே பழக்கந்தானே.”

அன்று அந்தக் காரத்தை இழுத்துக்கொண்டு, இருமாமல் எப்படித்தான் ‘ஆகா’ என்றாரோ!